கால் கொடுத்தாற் போதுமா?

(யட்டியாந்தோட்டையில் தோட்டத் தொழிலாளரும், விவசாயிகளும், ஆசிரியர்களும், உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், காணி, வீடு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசாத மேடை இந்தக் களனிப் பள்ளத்தாக்கிலே இல்லை. அம்மூன்றும் கைக்கு வரும்வரை பேசத்தான் வேண்டும். ஆனால் அத்தகைய மேடைகளின் முன்னே வந்து நிற்க இயலாத ஒரு கூட்டம் நம்மிடையே உண்டு. அவர்கள் இன்றும் இங்கு வரவில்லை. வர மனமில்லாமலன்று, மேல் லயத்திலிருந்து றோட்டுக்கு இறங்கிவர அவர்களால் முடியாது. ஆகவே அவர்களைப் பற்றி, அவர்கள் இல்லாத இடத்தில், நாம் பேசவேண்டியவர்களாயிருக்கிறோம்.

தோட்டத்திலே ஒருவருக்குக் கையோ காலோ விளங்காமற் போனால் நிகழ்வது யாது? முதலில் ஆஸ்பத்திரிக் கட்டில், பிறகு காம்பராவின் மூலை, பிறகு இஸ்தோப்பு. செக்ரோலில் அவர் பெயர் நின்றுபோகிறது. பிரட்டுக்களத்தில் அவரைத் தேடுவாரில்லை. குடியிருப்புக்கும் வேலைக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பது தோட்டத்து வழக்கமாதலால், அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று வீடு முழுவதும் அஞ்சுகிறது. அவருடைய இடத்துக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மலைக்கு அனுப்பப்படுகிறது. ஒருவருடைய கால் போனதனால் இன்னொருவருடைய படிப்பும் போகிறது. இதை எந்தக் கணக்கப்பிள்ளையும் கணக்கில் எழுதுவதில்லை.

அங்கவீனர் என்றார்கள் முன்பு. வலது குறைந்தோர் என்றார்கள் பின்பு. இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் திருந்தியது நன்றே. பெயர் திருந்திய அளவுக்கு அவர்கள் ஏறியிறங்கும் படிகள் திருந்தவில்லை என்பதே நமது முறைப்பாடு. புனர்வாழ்வு என்ற சொல்லும் இந்நாட்டில் பட்ட பாடு கொஞ்சமன்று. 2009ஆம் ஆண்டுக்குப் பின் அச்சொல்லைக் கேட்ட தமிழர் மனத்தில் எழுவது முட்கம்பி வேலியும் முகாமுமே. நாம் இங்கே சொல்லும் புனர்வாழ்வு வேறு. விபத்தாலோ, வியாதியாலோ, பிறப்பாலோ உடல் தளர்ந்த ஒருவர், தம் கையால் உண்டு, தம் முயற்சியால் நகர்ந்து, தம் உழைப்பால் ஒரு காசேனும் ஈட்டும் நிலைக்கு வரும்வரை கூடவே நின்று செய்யும் பணி அது. ‘வரும்வரை’ என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல்லிலேதான் இன்றைய பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு வகையில் இயலாமையுடையவர்கள். தொகை பதினாறு இலட்சத்துக்கு மேல். பார்வைக் குறைவு முதலிடம் பெறுகிறது; நடக்க இயலாமை அதற்கடுத்தது. இது தூரத்துச் சங்கதியென்று எவரும் எண்ண வேண்டாம். நூறு பேர் குடியிருக்கும் லய வரிசையில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டு, உங்கள் உங்கள் லயத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். முகங்கள் தாமே வந்து நிற்கும்.

இந்தப் பிரதேசத்தின் தொழில்களே உடலைக் கேட்கும் தொழில்கள். விடியுமுன் ஈரச் சரிவிலே ஏறி, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டுகிறவர் கையில் கூரிய கத்தி. காலடியில் வழுக்குப் பாறை. வெட்டிய பாலை உறையவைக்கும் அமிலம் ஒரு துளி தெறித்தாற் போதும், கண் போய்விடும். அப்படித் தெறித்தால், வைத்தியரைத் தேடி ஓடுமுன்னே கண்ணைத் திறந்துபிடித்து, ஓடும் தண்ணீரால் நெடுநேரம் கழுவவேண்டும் என்பதைக்கூட நம்மிற் பலருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. றப்பர் ஷீற் அடிக்கும் உருளை விரல்களைக் கேட்கிறது. கொழுந்துக் கூடையின் பாரம் கழுத்தையும் இடுப்பையும் கேட்கிறது. கீழே கிராமத்தில் கித்துல் மரமேறும் சிங்கள விவசாயியின் நிலையும் இதுதான். மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவரை, நல்லெண்ணத்தோடு நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி, உடம்பை மடித்து முச்சக்கர வண்டிக்குள் ஏற்றுகிறார்கள். பலகையொன்றில் அசையாமற் கிடத்திக் கொண்டுபோயிருந்தால் தப்பியிருக்கக்கூடிய நரம்பு, அந்த ஏற்றத்திலே அறுந்துபோகலாம். ஆகையால் நாம் கேட்கும் சேவை தமிழருக்கு மட்டுமானதன்று. மேலே லயத்தில் இருப்பவருக்கும் கீழே கிராமத்தில் இருப்பவருக்கும் பஸ்ஸும் ஒன்றே, ஆஸ்பத்திரியும் ஒன்றே.

விபத்தைவிடப் பெருந்தொகையானோரைப் படுக்கையிற் போடுவது பாரிசவாதம். இரத்த அழுத்தமும் நீரிழிவும் கவனிப்பாரின்றி முற்றிய பின், ஒரு காலையில் வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் முதற் சில வாரங்களே முக்கியமானவை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராது. விளங்காத கையை நாள்தோறும் மெல்ல நீட்டி மடக்கினால் மூட்டு இறுகாது. இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். இவற்றைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஒருவர் வந்து ஒருமுறை காட்டித்தர வேண்டும், அவ்வளவே. முழங்காலுக்குக் கீழே கால் வெட்டப்பட்டவருடைய வீட்டில், அன்பு மிகுந்த மனைவி எஞ்சிய காலின் கீழே தலையணை வைக்கிறாள். வலி குறைகிறது, முழங்கால் மடிந்தே கிடக்கிறது. மாதங்கள் கழிந்தபின் அந்த முழங்கால் நிமிர மறுக்கிறது. நிமிராத முழங்காலுக்குச் செயற்கைக் காலைப் பொருத்துவது எளிதன்று. அங்கே குற்றவாளி மனைவியல்லள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆளனுப்பாத ஏற்பாடே குற்றவாளி.

நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கொழும்பிலே 1831ஆம் ஆண்டில் தோன்றிய ஆபத்துதவி நண்பர் சங்கம் 1985ஆம் ஆண்டிலிருந்து ஜயப்பூர்க் கால்களைச் செய்து கொடுத்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் 1987இல் போரின் நடுவிலே தொடங்கப்பட்ட ஜயப்பூர் நிலையம் வடக்கிலே எத்தனையோ பேரை எழுந்து நடக்கவைத்தது. றாகமையிலும் திகனையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள. இரத்மலானையில் 1912 முதலும், கைதடியில் 1956 முதலும் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான பாடசாலைகள் நடைபெறுகின்றன. இவற்றை உண்டாக்கியவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால், யட்டியாந்தோட்டையின் மேல் டிவிஷனிலிருந்து அவ்விடங்களுக்குப் போவதென்றால் என்ன பொருள் என்பதை அங்குள்ளோர் அறியவேண்டும்.

ஒரு காலத்தில் இவ்வூர்வரை ரயில் வந்தது. இப்பொழுது பாதை அவிசாவளையோடு நின்றுவிட்டது. நடக்க இயலாதவரை லயத்திலிருந்து றோட்டுக்குத் தூக்கிவர இரண்டு பேர். பஸ்ஸிலே கூடப் போக ஒருவர். அவர்களுடைய அன்றைய பேர் போய்விடும், அரைப்பேர்கூட விழாது. அளவெடுக்க ஒரு பயணம். பொருத்திப் பார்க்க ஒரு பயணம். நடக்கப் பழகச் சில நாட்கள். அதோடு முடிந்ததா? வெட்டப்பட்ட காலின் சதை முதல் வருடத்தில் சுருங்கும். சுருங்கினால் கிண்ணம் தளரும். தளர்ந்தால் உராய்ந்து புண்ணாகும். உடனே திருத்தவேண்டும். திருத்தப் போகக் காசில்லாதவர் அந்தக் காலைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுகிறார். காம்பராச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், நல்ல செயற்கைக் கால் ஒன்று தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

அந்தக் காலைப் பற்றியே ஒரு வார்த்தை. 1960களின் பிற்பகுதியில், இந்தியாவின் ஜயப்பூர் நகரில், இராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திர வைத்தியரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்காகச் செய்யப்பட்டது, சம்மணமிட உதவாது, சேற்றில் இறங்க உதவாது. நம்மவரோ வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள், குந்தியிருந்து உண்கிறவர்கள். அதற்கேற்ற பாதத்தை அவ்விருவரும் எதனைக் கொண்டு செய்தார்கள்? மரமும் றப்பரும் கொண்டு! உலகெங்கும் கால் இழந்தோரை நடக்கவைத்த அப்பாதத்தின் உடம்பே றப்பர்தான். றப்பர் மரத்தடியிலே ஆயுளைக் கழித்தவர் காலிழந்து இஸ்தோப்பில் கிடக்கிறார். இதைவிட விபரீதம் வேறென்ன வேண்டும்?

இனி, சக்கர நாற்காலி. வருடத்துக்கொரு வைபவம் நடக்கிறது. மாலை, மேளம், நிழற்படம். நாற்காலி கைமாறுகிறது. கொடுத்தவர் புறப்பட்டபின், அதை அறுபது படிக்கட்டுக்கு மேலே இருக்கும் லயத்துக்கு நாலு பேர் தூக்கிச் செல்கிறார்கள். காம்பராவின் வாசற்படி குறுகல், உள்ளே நுழையாது. வெளியே உருட்டச் சமநிலம் ஒரு முழமும் இல்லை. நாளடைவில் அதன் மேல் துணி காய்கிறது. கொடுத்தவரின் மனத்தை நாம் குறைகூறவில்லை. கொடுப்பதற்கு முன் ஒருவர் லயத்துக்கு வந்து வாசற்படியின் அகலத்தை அளந்திருந்தால், நாற்காலியோடு ஒரு மூட்டைச் சீமெந்தும் வேண்டுமென்று தெரிந்திருக்கும் என்றே சொல்கிறோம்.

சட்டங்களுக்கு இந்நாட்டில் பஞ்சமேயில்லை. அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு மூன்று இடம் இயலாமையுடையோருக்கு என்று 1988இல் சுற்றறிக்கை வந்தது. 1996இல் அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டிடங்களுக்குள் அவர்கள் நுழையக்கூடிய வழி இருக்கவேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. அவ்விதிகள் ஏட்டிலேயே உறங்கக் கண்டு, தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா என்பார் உயர் நீதிமன்றம் சென்றார். 2011இல் அவர் பக்கம் தீர்ப்பும் பெற்றார். ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. இவ்வளவும் வந்தன. தோட்டத்து டிஸ்பென்சரியின் வாசலில் ஒரு சாய்தளம் வந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தொழிலிலே காயமுற்றோருக்கு 1934ஆம் ஆண்டு முதலே வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. அது தொழிலாளரின் உரிமை, யாருடைய தருமமுமன்று. விபத்து நடந்தவுடன் எழுத்தில் அறிவித்து, வைத்தியச் சான்றிதழைப் பத்திரப்படுத்தி, காலந்தாழ்த்தாமற் கோரவேண்டும். “சின்னக் காயந்தானே, துரையிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவோர் பின்னர் வருந்துகின்றனர். எனினும் நட்டஈடு இழந்த விரலுக்கு விலை போடுமேயன்றி, எஞ்சிய விரல்களால் வேலை செய்யும் விதத்தைக் கற்பிக்காது. மாதாந்தக் கொடுப்பனவும் அப்படியே. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதனை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். வரவேற்கிறோம். ஆனால் காசு படுக்கையில் கிடப்பவருக்குக் கஞ்சி வார்க்கும். அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பாது. எழுப்புவதற்கு மனிதர் வேண்டும். அந்த மனிதர் வீட்டுக்கு வரவேண்டும்.

வீட்டுக்கு வரும் சேவையா, நடக்கிற காரியமா என்பார் உளர். நடந்த காரியமே. 1934-35இல் மலேரியாக் கொள்ளை நோய் இப்பள்ளத்தாக்கைச் சுடுகாடாக்கியபோது, மருந்தையும் பருப்பையும் வீடு வீடாகக் கொண்டு சென்றார் கலாநிதி என். எம். பெரேரா. ‘பருப்பு மாத்தயா’ என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். அவருடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இக்கூட்டத்தில் இருக்கலாம். ஆனால் வாசலுக்கு வந்தவரை இவ்வூர் தலைமுறைகளாக மறக்கவில்லை.

கடலுக்கு அப்பாலும் பாருங்கள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் வைத்தியர் 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966இல் அதற்கென்றே ஒரு நிலையம் திறக்கக் காரணராயிருந்தார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடி என்னும் கிராமம். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த இராமகிருஷ்ணன் என்ற மாணவர், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் பயிற்சி பெற்ற பெண்கள் சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, தலை நிற்காத குழந்தையை, பேச்சு வராத குழந்தையை இளமையிலேயே கண்டு பயிற்சி அளிக்கின்றனர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று தொடங்கியது. மாத்திரை மட்டுமன்றி, இயன்மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். ஆஸ்பத்திரியிலே பிசியோதெரபி என்கிறார்களே, அந்தச் சிகிச்சை செய்பவரே இயன்மருத்துவர்.

இந்தியா பெரிய நாடு, நமக்கு ஏது வசதி என்று கையை விரிப்போருக்கு இன்னொன்று சொல்லவேண்டும். இயலாமையுடையோருக்கு அவர்களுடைய ஊரிலேயே, குடும்பத்தாரையும் அயலவரையும் கொண்டே பயிற்சியளிக்கும் முறையை விளக்கி உலக சுகாதார நிறுவனம் 1989இல் ஒரு கைநூலை வெளியிட்டது. பல நாடுகள் அதைப் பார்த்தே வேலை செய்தன. அதை எழுதிய நால்வருள் ஒருவர் பத்மணி மெண்டிஸ் என்னும் இலங்கை இயன்மருத்துவர். இந்நாட்டுப் பெண்மணி உலகுக்குக் கற்பித்த வித்தை, இந்நாட்டுத் தோட்டத்து லயத்துக்கு ஏன் ஒழுங்காக வந்து சேரவில்லை?

ஏனெனில் லயம் எவருடைய பொறுப்பு என்பது இன்னும் தீரவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. கம்பனியைக் கேட்டால், சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. அரசாங்கத்தைக் கேட்டால், தோட்டம் கம்பனியின் எல்லை என்கிறது. பிரதேச சபை, சட்டம் இடந்தராது என்று நெடுங்காலம் கூறிவந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டத்துக்குள்ளே பாதையும் படியும் கைபிடியும் போடச் சபைக்கு இப்போது தடையில்லை. அந்தச் சாக்கு இனிச் செல்லாது.

நாம் கேட்பது மாளிகையன்று. பிள்ளை மடுவம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே பணிபுரியும் பெண்கள், எந்தக் குழந்தை எந்த வயதில் தலை நிமிர்த்தவில்லை என்பதை எவருக்கும் முன்னே அறிவர். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். டிவிஷனுக்கு இருவர், தோட்டத்து இளைஞரும் யுவதியும், கூலியோடு பயிற்றப்படட்டும். கரவனெல்லை ஆதார வைத்தியசாலையிலிருந்து இயன்மருத்துவர் ஒருவர் மாதத்தில் குறித்த நாளில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரட்டும். நடை பழகும் கைபிடிச் சட்டத்தை நம்முடைய தச்சரே றப்பர் மரப் பலகையாற் செய்வார். கொழும்பிலிருந்து செயற்கைக் கால் வாங்கி வந்தவர்களின் பெயர் அவ்விருவரிடமும் இருக்கட்டும். கால் சுவரில் ஏறுமுன் திருத்தத்துக்கு அனுப்பட்டும். பயணச் செலவைக் கம்பனியும் அரசாங்கமும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

இவையெல்லாம் தமிழில் நடக்கவேண்டும். இதை மொழிப்பற்றினால் மட்டும் சொல்லவில்லை. “முழங்காலை மெல்ல நீட்டு, வலி எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்து” என்பதைப் புரியாத மொழியிற் கேட்டு உடற்பயிற்சி செய்வது எங்ஙனம்? பேச்சு இழந்தவருக்குப் பேச்சைத் திரும்பக் கற்பிப்பதானால், எந்தப் பேச்சை? அவர் தாயிடம் கேட்ட பேச்சைத்தானே! தமிழ் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் எழுதிவிட்டது. பிரதேச செயலகத்தின் கொடுப்பனவு விண்ணப்பமும் அதை அறியவேண்டும்.

கடைசியாக வேலை. வேலையிலே போய் முடியாத புனர்வாழ்வு பாதி வழியில் நின்ற பயணம். ஒரு கால் இல்லாதவர் மலையேறிப் பால் வெட்ட முடியாது. நாற்றுமேடையில் அமர்ந்து பை நிரப்ப முடியும். மூன்று விரல் இழந்தவர் ஷீற் தரம் பிரிக்க முடியும். கொழுந்து நிறுக்குமிடத்தில் எழுதவும், களஞ்சியம் பார்க்கவும், தையல் இயந்திரத்தில் அமரவும் ஆட்கள் உண்டு. அவர்களுக்குப் பேர் போட மனந்தான் வேண்டும். சிறு தேயிலைத் தோட்டம், றப்பர்த் துண்டு வைத்திருக்கும் விவசாயிகளும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்; கம்பனிக்கு மட்டும் சொன்னதாக எண்ணவேண்டாம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதுவும் ஒரு வாசகமாக இடம்பெறவேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

தோழர்களே! வாசலண்டை இரண்டு இளைஞர்கள் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் லயத்திலோ கிராமத்திலோ படுக்கையிலும் இஸ்தோப்பிலும் இருப்போரின் வயது, எப்பொழுதிலிருந்து, இன்ன குறை, கடைசியாக வைத்தியர் பார்த்தது எப்போது, வீட்டிலிருந்து றோட்டுக்கு எத்தனை படி என்பவற்றைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். குழந்தையைப் பற்றிச் சொல்லத் தாய்மார் கூச்சப்படவேண்டாம். தனியே சொல்லலாம், பெண்ணொருத்தியும் இருக்கிறார். பட்டியலின் ஒரு பிரதி கரவனெல்லைக்கும், ஒன்று பிரதேச செயலகத்துக்கும், ஒன்று தோட்டக் கந்தோர்களுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் போகும். ஒரு மாதத்தில் மறுமொழி வராவிட்டால், அதே பட்டியலோடு நாமே நேரிற் செல்வோம். நடக்கக்கூடியவர்கள் நம்மோடு வாருங்கள்.